ஜோன் வில்லியம் டன்

ஜோன் வில்லியம் டன் (டிசம்பர் 2, 1875 – ஆகஸ்டு 24, 1949) அயர்லாந்தில் பிறந்த பிரித்தானியப் படை அலுவலரும், வானூர்திப் பொறியியலாளரும், எழுத்தாளரும் ஆவார். ஜே. டபிள்யூ. டன் என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். வால் இல்லாமல், தானாகவே நிலைகொண்டு பறக்கக்கூடிய வானூர்திகளை முதன்முதலில் நடைமுறையில் உருவாக்கியவர் இவர். எனினும் பொதுமக்களிடையே இவரது பெயரைப் பரப்பியது வானூர்தி அன்று. 1927 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட அன் எக்ஸ்பெரிமென்ட் வித் டைம் (காலத்தோடு ஒரு பரிசோதனை) என்னும் நூலே ஆகும். மனிதர் காணும் கனவுகளில் கடந்த நாட்களின் எச்சங்கள் மட்டுமல்லாது, இனி வரவிருக்கும் நாட்களின் காட்சிகளும், இன்னும் அச்சேறாத நாளிதழ்ச் செய்திகளும் கலந்துள்ளன என்று இந்நூலில் அவர் வாதிட்டார். கனவுகளை உடனுக்குடன் எழுதிவைத்து, பின்னர் நடப்பவற்றோடு ஒப்பிடும் முறையொன்றையும் வகுத்தளித்தார். அம்முறையைக் கொண்டு அவரது முடிவையே பிறர் சோதிக்க முடிந்தது என்பது இவரது வரலாற்றில் முக்கியமானது.

இளமை

டன் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் அமைந்திருந்த கறா படைமுகாமில் பிறந்தார். தந்தை சேர் ஜோன் ஹார்ட் டன் பிரித்தானியத் தரைப்படையில் தளபதி. அயர்லாந்தில் பிறந்தவராயினும் டன் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்திலேயே கழித்தார். சிறுவனாக இருந்தபோது நேர்ந்த விபத்தொன்றினால் மூன்று ஆண்டுகள் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. காலம் என்பது என்ன என்ற கேள்வி அப்போதே அவரைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது வயதில், தம்மைக் கவனித்துக்கொண்ட தாதியிடம் இதுபற்றி வினவியதாக அவரே பின்னர் எழுதியுள்ளார். பதின்மூன்றாவது வயதில் ஜூல்ஸ் வேர்ணின் புதினம் ஒன்றால் தூண்டப்பட்டு, திசைதிருப்பவே தேவையில்லாத பறக்கும் பொறியொன்றில் செல்வதாகக் கனவு கண்டார். பிற்காலத்தில் அவர் கட்டிய வானூர்திகள் ஏறக்குறைய அத்தகையனவே.

போரும் நோயும்

இரண்டாம் போயர் போர் தொடங்கியபோது டன் சாதாரணக் குதிரைப்படை வீரராகத் தாமாகவே முன்வந்து சேர்ந்து தென்னாபிரிக்கா சென்றார். 1900 ஆம் ஆண்டில் அங்கு பரவிய நச்சுக்காய்ச்சலுக்கு (டைபாய்டு) ஆளாகித் திருப்பி அனுப்பப்பட்டார். உடல்நலம் தேறியபின் 1901 ஆகஸ்டில் வில்ட்சயர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1902 மார்ச்சில் மீண்டும் தென்னாபிரிக்கா சென்றபோது இம்முறை இதயநோய் கண்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து திரும்பினார். இந்த இதயநோய் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. வானூர்தித் துறையில் இருந்து அவர் விலகியதற்கும் உடல்நலக் குறைவு ஒரு காரணமாகும்.

வானூர்திகள்

நோயில் இருந்து மீளும் விடுப்புக் காலத்தில் டன் பறத்தல் பற்றி ஆராயத் தொடங்கினார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவருடைய நண்பர். இம்முயற்சியில் அவரை ஊக்குவித்தவர்களுள் ஒருவர். 1906 ஆம் ஆண்டில் டன் தென் பார்ன்பரோவில் இருந்த படைத்துறைப் பலூன் தொழிற்சாலையில், கேணல் ஜோன் கேப்பரின் கீழ் பணிக்கு அமர்த்தப்பட்டார்.

அக்காலத்து வானூர்திகளின் பெரிய குறை, ஓட்டுநர் ஒரு கணம் அயர்ந்தாலும் அவை கவிழ்ந்துவிடும் என்பது. காற்று எப்படி வீசினாலும் தானே சமநிலைக்குத் திரும்பும் பொறியை டன் விரும்பினார். இதற்காக இறக்கைகளை அம்புத்தலை போலப் பின்னோக்கிச் சாய்த்து அமைத்தார். இறக்கையின் நுனிகள் நடுப்பகுதியைவிடக் குறைந்த கோணத்தில் காற்றைச் சந்திக்குமாறு முறுக்கப்பட்டன. பின்னால் அமைந்த இந்நுனிகளே வாலின் வேலையைச் செய்தன. எனவே தனியாக வால் தேவைப்படவில்லை.

முதல் சோதனைகள் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியில் உள்ள பிளேர் அத்தோல் என்னும் இடத்தில் மிகுந்த இரகசியமாக நடத்தப்பட்டன. 1907 இல் டி.1 எனப்பட்ட மிதவை வானூர்தி கேப்பரைச் சுமந்து எட்டு வினாடிகள் பறந்தது. அடுத்த ஆண்டின் விசைப்பொறி பூட்டிய வடிவம் சிறு துள்ளல்களுக்கு மேல் செல்லவில்லை. 1909 இல் போர்த்துறை அலுவலகம் வானூர்திகளுக்கான செலவை நிறுத்தியது. டன் தம் நண்பர்களின் முதலீட்டுடன் தனி நிறுவனம் அமைத்துப் பணியைத் தொடர்ந்தார்.

ஷெப்பி தீவில் உள்ள ஈஸ்ட்சேர்ச்சில் 1910 இல் டி.5 பறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று ஓர்வில் ரைட் முன்னிலையில் நடந்த பறத்தலின்போது, டன் கட்டுப்பாட்டுப் பிடிகளில் இருந்து கைகளை எடுத்துவிட்டுத் தாளில் குறிப்புகள் எழுதிக் காட்டினார். 1913 இல் பிரெஞ்சுப் படை அலுவலர் பெலிக்ஸ், டி.8 வானூர்தியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் சென்றார். அமெரிக்காவில் பர்கஸ் நிறுவனம் உரிமம் பெற்று இவ்வகை வானூர்திகளைக் கட்டியது. 1914 இல் கனடா தன் படைக்கு வாங்கிய முதல் வானூர்தி ஒரு பர்கஸ்-டன் ஆகும். இங்கிலாந்துக்குக் கப்பலில் கொண்டு செல்லப்படுகையில் அது சேதமடைந்து, பணியில் ஒருமுறையேனும் பறக்காமலே கைவிடப்பட்டது.

போர் வானூர்திகளுக்கு வேகமாகத் திரும்பும் ஆற்றல் தேவைப்பட்டது. தானே நிலைகொள்ளும் வானூர்தி திரும்ப மறுக்கும் இயல்புடையது. இதனால் டன்னின் வடிவம் முதலாம் உலகப்போரில் வழக்கொழிந்தது. ஆயினும் 1920களில் ஜெப்ரி ஹில் உருவாக்கிய டெரோடாக்டில் வானூர்திகளுக்கு டன்னின் பணி முன்னோடியாக அமைந்தது.

கனவுகள்

வானூர்திப் பணிக்கு முன்பிருந்தே டன் விந்தையான சில கனவுகளைக் கண்டு வந்தார். இவற்றைப் பற்றி அவர் பல ஆண்டுகள் வெளிப்படையாக எழுதவில்லை.

முதலாவது 1898 இல் சசெக்சில் ஒரு விடுதியில் நிகழ்ந்தது. மணி என்ன என்பது குறித்து விடுதிப் பணியாளருடன் வாதிடுவதாகவும், தம் கைக்கடக்கமான கடிகாரம் நாலரை மணியில் நின்றுவிட்டதாகவும் கனவு கண்டார். விழித்து விளக்கேற்றிப் பார்த்தபோது கடிகாரம் உண்மையாகவே நாலரையில் நின்றிருந்தது. முந்தைய நாள் மாலையில் நின்றிருக்கும் என எண்ணி, சாவி கொடுத்து ஓடவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் சரியான நேரத்துடன் ஒப்பிட்டபோது அது இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே பின்தங்கியிருந்தது. அதாவது, கனவு கண்ட அதே வேளையில்தான் கடிகாரம் நின்றிருக்கிறது. இது தொலைவில் உள்ளதைக் காணும் ஆற்றலோ என அவர் ஐயுற்றார். ஓசை நின்றதைத் தூக்கத்திலேயே காது உணர்ந்திருக்கலாம் என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். ஆனால் முட்கள் காட்டிய நேரத்தை அது விளக்காது.

இரண்டாவது கனவு 1901 சனவரியில் இத்தாலியக் கடற்கரை ஊரான அலாசியோவில். சூடானில் பஷோடாவுக்கு அருகே, வெளுத்த காக்கி உடையில் களைத்துப்போன மூன்று ஆங்கிலேயர் தம்மை நோக்கி வருவதையும், அவர்கள் ஆபிரிக்காவின் தென்முனையில் இருந்து கண்டம் முழுவதையும் கடந்து வந்ததாகக் கூறுவதையும் கண்டார். மறுநாள் காலை அவர் பிரித்த டெய்லி டெலிகிராப் நாளிதழில், அப்பத்திரிகையே அனுப்பிய கேப் முதல் கெய்ரோ வரையிலான பயணக்குழு கார்ட்டூமை அடைந்த செய்தி தலைப்பாக வெளியாகியிருந்தது.

நாலாயிரமும் நாற்பதாயிரமும்

டன்னின் சிந்தனையை முற்றிலும் மாற்றியது 1902 இல் கண்ட கனவாகும். தென்னாபிரிக்காவில் லிண்ட்லி என்னும் பாழடைந்த ஊரை அடுத்த முகாமில் அவர் தங்கியிருந்தார். கனவில் அவர் ஒரு தீவின் மலைச்சரிவில் நின்றார். நிலத்தின் வெடிப்புகளில் இருந்து ஆவி பீறிட்டது. தீவு வெடிக்கப்போகிறது என்று உணர்ந்து, அங்கு வாழும் நாலாயிரம் பேரைக் காப்பாற்றக் கப்பல்கள் அனுப்புமாறு அருகிலுள்ள பிரெஞ்சு அதிகாரிகளிடம் மன்றாடினார். எவரும் நம்பவில்லை. ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னொன்றுக்கு அலைக்கழிக்கப்பட்டு, நகரத் தலைவரிடம் நாலாயிரம் பேர் மாளப்போவதாகக் கத்திக்கொண்டே விழித்தெழுந்தார்.

அடுத்து முகாமுக்கு வந்து சேர்ந்த நாளிதழ்க் கட்டில் மார்த்தினிக்குத் தீவின் எரிமலை அழிவு பற்றிய செய்தி இருந்தது. மே 8, 1902 அன்று பெலே எரிமலை வெடித்துச் சென் பியர் நகரை அழித்திருந்தது. மார்த்தினிக்கு பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட தீவு. செய்தித் தலைப்பில் மாண்டவர் தொகையும் தரப்பட்டிருந்தது. அதை அவசரமாகப் படித்த டன், கனவில் வந்த அதே நாலாயிரம் என எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த எண்ணையே சொல்லி வந்தார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அப்பத்தியை எழுத்துக்கு எழுத்து படியெடுக்க நேர்ந்தபோதுதான், அச்சிடப்பட்டிருந்தது நாற்பதாயிரம் என்பதைக் கண்டார். ஒரு சுழியை அவர் தவறவிட்டிருந்தார். உண்மையில் இறந்தவர்களோ ஏறக்குறைய முப்பதாயிரம் பேர். நாலாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் அதனோடு தொடர்பில்லை.

வேறொருவராயின் இந்தப் பிழையை மறைத்திருப்பார், அல்லது கனவையே கைவிட்டிருப்பார். டன் இரண்டும் செய்யாமல் அப்பிழையையே சான்றாகக் கொண்டார். கனவு எரிமலையைக் கண்டிருந்தால் உண்மையான தொகையையோ வேறு ஏதேனும் தொகையையோ தந்திருக்கலாம். ஆனால் அது தந்தது நாளிதழைத் தாம் தவறாகப் படித்தபோது மனத்தில் பதிந்த எண்ணை. மேலும், இலண்டன் நாளிதழ்கள் கப்பலில் தென்னாபிரிக்கா வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அவர் கனவு கண்டபோது வெடிப்பு நிகழ்ந்து முடிந்திருக்க வேண்டும். எனவே தாம் முன்கூட்டிக் கண்டது எரிமலையை அன்று, செய்தியைப் படித்த தமது சொந்த அனுபவத்தையே என்ற முடிவுக்கு வந்தார். கார்ட்டூம் கனவுக்கும் இது பொருந்தியது.

இன்னொரு விளக்கமும் உண்டு. அதை எழுப்பியவரும் டன் தான். நாளிதழைப் படித்த கணத்தில், இதை முன்பே கனவில் கண்டோம் என்ற பொய் நினைவு தோன்றியிருக்கலாம். அப்படியாயின் எண்ணிலும் அதே பிழை இருப்பது இயல்பே. இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, செய்தி வருவதற்கு முன்பே கனவை எழுதிவைப்பது. நூலில் உள்ள புகழ்பெற்ற கனவுகள் பலவும் இவ்வாறு எழுதிவைக்கும் பழக்கம் தொடங்குவதற்கு முந்தியவை என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

குதிரையும் தொடருந்தும்

எல்லாக் கனவுகளும் நாளிதழோடு தொடர்புடையன அல்ல. 1904 கோடையில் ஆஸ்திரியாவின் ஆக்கன்சே ஏரியருகே தங்கியிருந்தபோது, இரு வயல்களுக்கு இடைப்பட்ட வேலியிட்ட பாதையில் தாம் நடப்பதாகவும், வயலில் வெறிபிடித்துத் துள்ளிய குதிரையொன்று எப்படியோ வெளியேறித் தம்மைத் துரத்துவதாகவும் கனவு கண்டார். மறுநாள் சகோதரருடன் மீன்பிடிக்கச் சென்றபோது அதே போன்ற பாதையும், வேலியும், மரப்படிகளும், வெறிகொண்ட குதிரையும் கண்முன் நின்றன. குதிரை வெளியேற வழியில்லை என்று அவர் கூறி முடிப்பதற்குள் அது வெளியே வந்து ஆற்றில் பாய்ந்து நீந்தியது. ஆனால் கனவில் நடந்ததுபோல் அவர்களைத் துரத்தவில்லை. கரையேறி வேறு திசையில் ஓடிவிட்டது. வேலியின் உயரம் முதலிய விவரங்களும் மாறுபட்டன. இந்த மாறுபாடுகளை டன் ஒளிக்காமல் பதிந்துள்ளார்.

1913 இலையுதிர் காலத்தில், ஸ்கொட்லாந்தின் போர்த் பாலத்துக்கு வடக்கே தொடருந்து ஒன்று கரைமேட்டில் இருந்து சரிந்து கிடப்பதைக் கனவில் கண்டார். அது எப்போது நிகழும் என அறிய முயன்றபோது, வரும் இளவேனில் என்ற எண்ணம் மட்டும் கிடைத்தது. இதனை மறுநாள் தம் சகோதரியிடம் கூறினார். ஏப்ரல் 14, 1914 அன்று பர்ன்டைலண்டு நிலையத்துக்கு அருகே விரைவுத் தொடருந்தொன்று தடம்புரண்டு கீழேயிருந்த கோல்ப் திடலில் விழுந்தது. அவ்விடம் பாலத்துக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ளது. ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்ட கனவு என்ற வகையில் இது ஏனையவற்றைவிட வலிமையான சான்று. எனினும், எச்சரித்து எதையும் தடுக்க அவரால் முடியவில்லை. எந்தத் தொடருந்து, எந்த நாள் என்பது கனவில் இல்லை.

பரிசோதனை முறை

தமக்கு மட்டும் இத்தகைய கனவுகள் வருகின்றன என்ற எண்ணம் டன்னுக்கு உவப்பாக இல்லை. தாம் குறிசொல்பவராகவோ மனநலம் குன்றியவராகவோ கருதப்படுவதை அவர் வெறுத்தார். இது எல்லா மனிதர்க்கும் பொதுவான இயல்பு என்றால், எல்லோரும் கவனிக்காமல் விட்டதற்குக் காரணம் கனவு மறந்துபோவதே எனக் கருதினார். ஆகவே பொறியியலாளருக்குரிய முறையில் சில விதிகளை வகுத்து, உறவினரையும் நண்பரையும் அவற்றின்படி எழுதச் செய்தார்.

தலையணைக்கு அடியில் குறிப்பேடும் எழுதுகோலும் இருக்க வேண்டும். விழித்தவுடன், கண்ணைத் திறப்பதற்கு முன்பே, நினைவில் எஞ்சியுள்ள ஒரு சிறு காட்சியைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து மற்றவற்றை மீட்க வேண்டும். கனவின் கதையைவிட நுணுக்கமான விவரங்களே முக்கியம். தீ விபத்து என்று எழுதினால் பயனில்லை. தீயின் நிறம், கதவின் வடிவம், காதில் விழுந்த சொல், கண்ட எண் ஆகியவற்றை எழுத வேண்டும். அன்றைய நாள் முடிந்ததும் பதிவுகளைத் திரும்பப் படித்து, நடந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் காலத்தை அவர் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் கட்டுப்படுத்தினார். எல்லையில்லாமல் காத்திருந்தால் எந்தக் கனவும் என்றோ ஒருநாள் பலித்தே தீரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரே மாதிரியான நாட்கள் கழியும்போது கனவு நேற்றையதா நாளையதா எனப் பிரித்தறிய முடியாது. எனவே பயணம் செல்வதற்கு முந்தைய நாட்கள் சோதனைக்கு ஏற்றவை என்றார்.

இவற்றுள் உளவியல் நோக்கில் கூர்மையானது மற்றொரு அறிவுரை. மனம் இயல்பாகவே கனவுக்கான காரணத்தைக் கடந்த காலத்தில் தேடும். எதிர்காலத்தோடு உள்ள ஒற்றுமை கண்முன் இருந்தாலும் கண் அதைத் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே, வரவிருக்கும் நாள் கனவுக்கு முன்பே கழிந்துவிட்டதாகப் பாவித்துக்கொண்டு பதிவைப் படிக்க வேண்டும் என்றார்.

அவருடைய உறவுப் பெண் ஒருத்தி, பொதுப் பூங்காவில் கறுப்புப் பாவாடையும் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட மேற்சட்டையும் அணிந்த ஜெர்மானியப் பெண் ஒருவரைக் கனவில் கண்டு பதிவு செய்தார். இரு நாட்களுக்குப் பின்னர் நாட்டுப்புற விடுதியொன்றில் அதே தோற்றமுடைய பெண்ணைச் சந்தித்தார். கனவுகள் நேற்றிலிருந்து பெறும் அளவுக்கே நாளையிலிருந்தும் பெறுகின்றன என்பது இப்பதிவுகளில் இருந்து டன் எடுத்த முடிவு.

விழித்த நிலையிலும் இது இயலுமா என அவர் முயன்றார். இன்னும் படிக்காத நூலொன்றைத் தெரிவு செய்து, அதைப் பற்றி நினைத்துக்கொண்டு, மனத்தில் எழும் படிமங்களில் கடந்த கால நினைவுகளோடு தொடர்புடையவற்றை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றைக் குறித்துக்கொள்வார். பின்னர் நூலைப் படித்து அச்சொற்களும் படிமங்களும் வருகின்றனவா எனப் பார்ப்பார். சில பொருத்தங்கள் கிடைத்ததாக எழுதியுள்ளார்.

தொடர்க் காலக் கோட்பாடு

நூலின் பின்பகுதி, கனவுகளை விளக்க டன் முன்வைத்த சீரியலிசம் என்னும் கோட்பாட்டைப் பற்றியது. காலம் நகர்கிறது என்றால், அந்த நகர்வின் வேகத்தை அளக்க இரண்டாவது காலம் ஒன்று வேண்டும். இரண்டாவது நகர்வதை அளக்க மூன்றாவது வேண்டும். இவ்வாறு காலங்கள் முடிவின்றி அடுக்காகத் தொடர்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு நோக்குநர் இருக்கிறார். விழித்திருக்கும் நோக்குநரின் கவனம் நிகழ்காலம் என்னும் குறுகிய புள்ளியில் கட்டுண்டுள்ளது. தூக்கத்தில் அக்கட்டுத் தளர்வதால், அடுத்த படியில் உள்ள நோக்குநர் முன்னும் பின்னும் பார்க்கிறார். உடல் அழியினும் மேற்படி நோக்குநர் அழிவதில்லை என்று கூறி, டன் இதிலிருந்து ஆன்மாவின் அழியாமையையும் நிறுவ முயன்றார். த சீரியல் யுனிவர்ஸ் (1934), த நியூ இம்மோர்ட்டாலிட்டி (1938), நத்திங் டைஸ் (1940) ஆகிய நூல்கள் இதன் விரிவாக்கங்களே.

மெய்யியலாளர்கள் பெரும்பாலும் இதனை ஏற்கவில்லை. முடிவில்லாத பின்னோக்கு ஓட்டம் எதையும் விளக்குவதில்லை. கேள்வியை அடுத்த படிக்கு ஒத்திவைக்கிறது என்பது அவர்களது மறுப்பு. அர்ஜென்டீன எழுத்தாளர் போர்கெஸ் 1940 இல் டன்னைப் பற்றிக் கட்டுரை எழுதினார். முடிவற்ற காலங்கள் தேவையில்லை எனக் கருதிய அவர், நூல் இட்டுச்செல்லும் இடத்தின் அழகை மட்டும் பாராட்டினார்.

நூல் பெற்ற வரவேற்பு

அறிஞர் தயங்கியபோதும் வாசகர் தயங்கவில்லை. முதல் உலகப்போரில் உற்றாரை இழந்திருந்த தலைமுறை அது; இறப்புக்குப் பின்னும் எதுவும் அழிவதில்லை எனப் பொறியியலாளர் ஒருவர் வரைபடங்களோடு சொன்னது பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நூல் பல பதிப்புகள் கண்டது. படுக்கையருகே குறிப்பேடு வைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் பரவியது. எச். ஜி. வெல்ஸ் 1933 இல் வெளியிட்ட த ஷேப் ஒப் திங்ஸ் டு கம் என்னும் புனைவில் வரும் இராசதந்திரி, டன்னின் முறையைப் பின்பற்றிக் கனவில் எதிர்கால வரலாற்று நூலொன்றைப் படித்துக் குறிப்பெடுப்பதாக அமைத்தார். ஜே. பி. பிரீஸ்ட்லி 1937 இல் எழுதிய டைம் அண்ட் த கொன்வேஸ் நாடகம் டன்னின் கோட்பாட்டைத் தழுவியது. சி. எஸ். லூயிஸ், டோல்கீன் ஆகியோரும் அவரைப் படித்துத் தம் எழுத்தில் பயன்படுத்தினர்.

1932 ஆம் ஆண்டுச் சோதனை

டன்னின் கூற்று உண்மையாயின், அவரது விதிகளைப் பின்பற்றும் எவருக்கும் அதே பயன் கிடைக்க வேண்டும். முன்னுணர்வு போன்ற நிகழ்வுகளை ஆராய 1882 இல் இலண்டனில் நிறுவப்பட்ட சைக்கிக்கல் ரிசர்ச் கழகம் இதனை 1932 இல் சோதித்தது. தியோடர் பெஸ்டர்மன் இதற்குப் பொறுப்பாக இருந்தார். பங்கேற்றோரின் கனவுப் பதிவுகள் தொகுக்கப்பட்டு, பின் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடப்பட்டன. டன் எதிர்பார்த்த அளவில் எதிர்காலக் காட்சிகள் கிடைக்கவில்லை. முடிவு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. டன் அதனை ஏற்காமல், தமது நூலின் 1934 ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் தரப்பு விளக்கத்தைச் சேர்த்தார்.

கருத்து வேறுபாட்டின் மையம் எதனைப் பொருத்தம் எனக் கொள்வது என்பதே. எடுத்துக்காட்டாக, ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து காட்சிகள் வீதம் பத்து நாட்கள் எழுதினால் ஐம்பது காட்சிகள் சேரும். ஒவ்வொன்றையும் அடுத்த இரு நாட்களில் அவர் கண்ட, கேட்ட, படித்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், ஒப்பீடுகளின் எண்ணிக்கை பல்லாயிரம் ஆகும். அவற்றுள் சில வியப்பூட்டும் வகையில் பொருந்துவது தற்செயலாலும் நிகழலாம். நாளிதழ்கள் தீயும் விபத்தும் வெள்ளமும் பற்றியே நாள்தோறும் எழுதுவதால், அச்சக் கனவுகளோடு அவை பொருந்துவது இன்னும் எளிது. தற்செயலின் அளவு எவ்வளவு என முன்கூட்டியே கணக்கிடும் முறை டன்னின் விதிகளில் இல்லை. அவரது திட்டத்தின் பெரிய குறை இதுவேயாகும்.

இறுதிக் காலம்

டன் பன்முக ஆர்வம் உடையவர். தூண்டில் மீன்பிடிப்பில் வல்லவர். ஒளி ஊடுருவும்போது உண்மைப் பூச்சிபோலத் தோன்றும் செயற்கைப் பூச்சிகளை உருவாக்கி, 1924 இல் அதுபற்றி எழுதிய நூல் இன்றும் அத்துறையினரால் மதிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கான கதைகளும் எழுதினார். 1928 இல், தம் ஐம்பத்திரண்டாவது வயதில், சே அண்ட் சீல் பிரபுவின் மகளான சிசிலியை மணந்தார். இவர்களுக்கு இரு பிள்ளைகள். மனைவியின் குடும்பத்துக்குரிய பிரௌட்டன் கோட்டை பான்பரிக்கு அருகில் உள்ளது. பிற்காலத்தில் டன் அங்கு வாழ்ந்தார். ஆகஸ்டு 24, 1949 அன்று பான்பரியில் 73 ஆவது வயதில் காலமானார். முற்றுப்பெறாத அவரது கடைசி நூல் இன்ட்ரூசன்ஸ் 1955 இல் வெளியானது.

பின்வந்த முயற்சிகள்

எழுத்தாளர் விளாதிமிர் நபோக்கோவ், அக்டோபர் 14, 1964 அன்று சுவிட்சர்லாந்தின் மோண்ட்ரோவில் டன்னின் சோதனையைத் தாமே தொடங்கி, ஏறக்குறைய எண்பது நாட்கள் தம் கனவுகளை அட்டைகளில் பதிந்தார். அருங்காட்சியகம் ஒன்றில் மண் மாதிரிகளைத் தாம் தவறுதலாகத் தின்றுவிட்டதாக ஒரு கனவு. சில நாட்களில் தொலைக்காட்சியில் மண்ணாய்வு பற்றிய படத்தைக் கண்டு, டன் கூறியது மெய்யானதாக மகிழ்ந்தார். ஆனால் அக்கனவு, அருங்காட்சியகம் பற்றி அவரே பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய சிறுகதையை ஒத்திருந்தது என்பதை 2018 இல் இவ்வட்டைகளைப் பதிப்பித்தவர் சுட்டிக்காட்டினார். நேற்றும் நாளையும் ஒரே கனவுக்கு உரிமை கோரிய நேர்வு இது.

அக்டோபர் 21, 1966 அன்று வேல்சின் அபர்பான் ஊரில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தனர். இதனை முன்னுணர்ந்தவர்கள் எழுதுமாறு மனநல மருத்துவர் ஜோன் பார்க்கர், இலண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழின் அறிவியல் செய்தியாளர் பீட்டர் பெயர்லி வழியாக வேண்டினார். 76 மடல்கள் வந்தன. அவை விபத்துக்குப் பின் எழுதப்பட்டவை என்ற குறையைப் போக்க, 1967 சனவரியில் முன்னுணர்வுப் பணியகம் ஒன்று அந்நாளிதழில் திறக்கப்பட்டது. பொதுமக்கள் அனுப்பும் கனவுகளும் அச்சங்களும் நாள், நேரத்துடன் பதியப்பட்டுப் பின்னர்ச் செய்திகளோடு ஒப்பிடப்பட்டன. டன் தனியொருவருக்கு வகுத்த விதி இங்கு ஒரு நாட்டுக்கே விரிக்கப்பட்டது எனலாம். நூற்றுக்கணக்கில் வந்தவற்றுள் மிகச் சிலவே நிகழ்வுகளோடு பொருந்தின. அவற்றைக் கொண்டு எந்த விபத்தும் தடுக்கப்படவில்லை. பார்க்கர் 1968 ஆகஸ்டில், 44 வயதில் இறந்தார்.

கணினிக் காலத்தில் கனவுகளின் சொற்களை எண்ணுவது எளிதாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூசு வளாகத்தில் டொம்கொப், சினைடர் ஆகியோர் தொகுத்த கனவு வங்கியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கனவுப் பதிவுகள் உள்ளன. ஒருவரது கனவுகளில் எச்சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்பதைக் கொண்டு, அவருடைய குடும்பம், தொழில், அச்சங்கள், பற்றுகள் ஆகியவற்றை வியக்கத்தக்க அளவுக்கு ஊகிக்க முடிந்துள்ளது.